தமிழ்வாணன்: இதழாசிரியரும் துப்பறியும் புதினமும்

தமிழ்ப் புதின வரலாற்று நூல்கள் துப்பறியும் புதினங்களைப் பெரும்பாலும் பொழுதுபோக்கு இலக்கியம் என்னும் ஒரே தலைப்பில் அடக்கிவிடுகின்றன. இதனால் இதழியலுக்கும் இப்புதினங்களுக்கும் இடையேயான உறவு போதிய கவனம் பெறவில்லை. தமிழ்வாணனின் வாழ்வையும் எழுத்தையும் முன்வைத்து அவ்வுறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழில் துப்பறியும் புதினம் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. இவர்களுள் குப்புசாமி முதலியார் ஆங்கிலப் புதினங்களைத் தழுவி எழுதியவர். அடுத்த தலைமுறையில் இத்துறைக்கு வந்த தமிழ்வாணன் இதழாசிரியராகவே அறிமுகமானவர்.

1926இல் தேவகோட்டையில் பிறந்த இவரது இயற்பெயர் இராமநாதன். சக்தி வை. கோவிந்தனின் 'அணில்' சிறுவர் இதழில் ஆசிரியப் பணியாற்றிய இவர், பின்னர் 'கல்கண்டு' இதழின் ஆசிரியரானார். 1977இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 'துணிவே துணை' என்பதை முழக்கமாகக் கொண்ட அவ்விதழில் பொது அறிவுத் துணுக்குகள், கேள்வி பதில், தொடர்கதை ஆகியன அருகருகே இடம்பெற்றன.

இவ்வமைப்பே அவரது புதினங்களின் இயல்பையும் வடிவமைத்தது எனலாம். வார இதழ்த் தொடர், ஒவ்வோர் இயலின் முடிவிலும் ஓர் ஐயத்தை எழுப்பியாக வேண்டும். சிறு தொடர்களில் விரைந்து செல்ல வேண்டும். துணுக்குகளைத் தேடிப் படித்த வாசகனுக்கு, 'ஹாங்காங்கில் சங்கர்லால்', 'டோக்கியோ ரோஜா' போன்ற புதினங்கள் அயல்நாட்டு நகரங்களையும் அறிமுகம் செய்தன. தேநீர் அருந்திச் சிந்திக்கும் துப்பறிவாளர் சங்கர்லால், இதழின் அறிவார்வத்திற்கே மனித உருவம் கொடுத்தவர் போல் அமைந்தார்.

மொழிநடையிலும் இதழாசிரியரின் கொள்கை வெளிப்பட்டது. பிறமொழிச் சொற்களை இயன்றவரை தவிர்த்து எளிய தமிழில் எழுதினார். ஆயினும் அவரது தலைமை மாந்தரின் பெயர் வடநாட்டுச் சாயல் கொண்டது. இம்முரண் மேலும் ஆராயத்தக்கது. 1968இல் குமுதத்தில் வெளிவந்த சுஜாதாவின் 'நைலான் கயிறு' ஆங்கிலம் கலந்த நகர்ப்புறப் பேச்சுநடைக்கு இடமளித்தது. இரண்டையும் ஒப்புநோக்கின், துப்பறியும் புதினமும் அக்கால மொழி விவாதத்தின் ஒரு களமாக விளங்கியமை புலனாகும்.

எனவே, தமிழ்வாணனின் புதினங்களைக் கதைத்திறன் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் முழுமையாகாது. அவற்றை நூலாக மட்டுமன்றி, அவை வெளிவந்த இதழ்ப் பக்கங்களோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். பழைய வார இதழ்த் தொகுதிகள் அழியுமாயின் அவ்வாய்ப்பும் இழக்கப்படும். ஆதலின் அவற்றைப் பாதுகாத்தல் இலக்கிய வரலாற்றுக்கு இன்றியமையாதது.