காற்றாலைக்குத் துணை நிற்கும் பேட்டரி: மின் தொகுப்பின் சமநிலை காக்கப்படுவது எப்படி?

இந்தியாவில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் மொத்தத் திறன் 2025 மார்ச் மாதத்தில் 50 ஜிகாவாட்டைக் கடந்தது. புதைபடிவ எரிபொருள் சாராத மின் உற்பத்தித் திறனை 2030-ஆம் ஆண்டுக்குள் 500 ஜிகாவாட்டாக உயர்த்துவது மத்திய அரசின் இலக்காகும். எத்தனை காற்றாலைகள் நிறுவப்படுகின்றன என்பதைப் போலவே, அவை மின் தொகுப்புடன் எவ்வாறு இசைந்து இயங்குகின்றன என்பதும் முக்கியமானது. காற்றாலைக்குத் துணையாக அமைக்கப்படும் பேட்டரியின் பணி மின்சாரத்தைச் சேமித்து வைப்பது மட்டுமன்று. தொகுப்பின் சமநிலையைக் காப்பதும் அதன் பணியாகும்.

அலைவெண் என்னும் அளவுகோல்

மின் தொகுப்பில் உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு கணமும் சமமாக இருத்தல் வேண்டும். நுகர்வு மிகுந்தால் அலைவெண் குறையும். உற்பத்தி மிகுந்தால் அது கூடும். இந்தியாவில் இதன் இயல்பான அளவு 50 ஹெர்ட்ஸ். 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் அலைவெண் இருக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் மின் தொகுப்பு விதிமுறைகள் கூறுகின்றன.

அனல் மற்றும் நீர்மின் நிலையங்களில் பல டன் எடையுள்ள சுழலிகள் தொகுப்பின் அலைவெண்ணுடன் இசைந்து சுழல்கின்றன. ஒரு பெரிய மின் நிலையம் திடீரென நின்றுவிட்டால், அவற்றின் சுழற்சியில் உள்ள ஆற்றல் முதல் சில நொடிகளுக்கு அலைவெண்ணின் சரிவை மெதுவாக்குகிறது. இப்பண்பு நிலைமம் எனப்படுகிறது. தற்காலக் காற்றாலைகள் பெரும்பாலும் மின்னணு மாற்றிகள் வழியாகத் தொகுப்புடன் இணைகின்றன. காற்றின் வேகத்திற்கேற்ப இறக்கைகளின் வேகத்தை மாற்றிக்கொள்ள இது உதவுகிறது. எனினும் சுழலும் இறக்கைகளின் நிலைமம் தொகுப்புக்கு இயல்பாகக் கிடைப்பதில்லை. இந்தக் குறையையே பேட்டரி ஈடுசெய்கிறது.

மூன்று அடுக்குக் கட்டுப்பாடு

முதல் அடுக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் செயல்படுவது. அலைவெண் குறைந்தவுடன் இன்வெர்ட்டர் தானாகவே மின்சாரத்தை வெளியிடுகிறது. கூடினால் மின்சாரத்தை உள்வாங்குகிறது. விலகல் எவ்வளவு பெரிதோ அதற்கேற்ப அளவும் கூடும்.

இரண்டாவது அடுக்கு சில நொடிகள் முதல் நிமிடங்கள் வரையிலானது. காற்றின் வேகம் மாறும்போது உற்பத்தி ஏறி இறங்குகிறது. விரைவான ஏற்ற இறக்கங்களைப் பேட்டரி ஏற்றுக்கொள்ள, மெதுவான மாற்றம் மட்டுமே தொகுப்பைச் சென்றடைகிறது.

மூன்றாவது அடுக்கு அன்றாட அட்டவணை சார்ந்தது. இந்தியாவில் ஒரு நாள், 15 நிமிடங்கள் கொண்ட 96 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு மின் உற்பத்தி திட்டமிடப்படுகிறது. காற்று குறித்த முன்கணிப்பு பிழைக்கும்போது, பேட்டரி இடைவெளியை நிரப்புகிறது.

இவை அனைத்துக்கும் அடிப்படை, பேட்டரியின் இருப்பு நிலை. முழுமையாக நிரம்பிய பேட்டரியால் மிகை மின்சாரத்தை ஏற்க இயலாது. தீர்ந்துபோன பேட்டரியால் உதவ இயலாது. ஆகவே இரு புறமும் இடம் விட்டு இருப்பைப் பேணுவது கட்டுப்பாட்டு மென்பொருளின் முக்கியக் கடமையாகும்.

தெற்கு ஆஸ்திரேலியா கற்ற பாடம்

2016 செப்டம்பர் 28 அன்று வீசிய புயலில் தெற்கு ஆஸ்திரேலியாவின் உயரழுத்த மின்கோபுரங்கள் சரிந்தன. சுமார் 2 நிமிடங்களில் 6 முறை மின்னழுத்தம் சரிந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இத்தகைய சரிவுகள் நேர்ந்தால் உற்பத்தியைக் குறைக்குமாறு பல காற்றாலைகளில் முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. அதன்படி 7 நொடிகளுக்குள் 456 மெகாவாட் உற்பத்தி குறைந்தது. அண்டை மாநிலத்துடனான இணைப்பு அளவுக்கு மீறிய சுமையால் துண்டிக்கப்பட, மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. காற்றாலைகளில் இருந்த இந்த அமைவு, தொகுப்பை நிர்வகித்த அமைப்புக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. பின்னர் அது மாற்றப்பட்டது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அங்குள்ள ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணைக்கு அருகே 100 மெகாவாட் திறனும் 129 மெகாவாட் மணி கொள்ளளவும் கொண்ட பேட்டரி நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. அதே மாதம் 14-ஆம் தேதி, விக்டோரியா மாநிலத்தின் லாய் யாங் அனல் மின் நிலையத்தில் 560 மெகாவாட் உற்பத்தி திடீரென நின்றபோது, தொலைவிலிருந்த இந்தப் பேட்டரி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரத்தை வழங்கத் தொடங்கியது. வழங்கிய அளவு சில மெகாவாட்டே ஆயினும், அதன் விரைவு கவனத்தை ஈர்த்தது. 2020-இல் நிலையத்தின் திறன் 150 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. 2022-இல், நிலைமத்துக்கு இணையான சேவையை இன்வெர்ட்டர்கள் வழியாக வழங்கவும் அது தொடங்கியது.

மறுபக்கமும் உண்டு. 2019 ஜூலை முதல் நவம்பர் வரை, தன்னால் வழங்க இயலாத அலைவெண் சேவையைச் சந்தையில் வழங்க முன்வந்ததற்காக, இந்நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022-இல் 9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் தொகுப்பு அளவிலான முதல் பேட்டரி நிலையம், 10 மெகாவாட் திறனுடன் 2019-இல் தில்லியின் ரோகிணி பகுதியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மத்திய மின்சார ஆணையம் தனது இணைப்புத் தரநிலைகளைத் திருத்தி, புதிய காற்றாலை, சூரியசக்தி நிலையங்களும் அலைவெண் மாற்றத்துக்கு ஏற்பச் செயல்படும் வசதியைக் கொண்டிருக்க வேண்டும் என வரையறுத்தது. 4,000 மெகாவாட் மணி பேட்டரி சேமிப்பை உருவாக்க, மூலதனச் செலவில் 40 சதவீதம் வரை நிதியுதவி வழங்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

எனினும் பேட்டரிக்கு எல்லை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெருகும் காற்று மின்சாரத்தை, சில மணி நேரக் கொள்ளளவு கொண்ட பேட்டரியில் சேமித்து அடுத்த பருவத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது. அதற்கு நீரேற்று மின் நிலையங்களும் மாநிலங்களுக்கு இடையிலான மின் வழித்தடங்களும் தேவை. நொடிகளில் நிகழும் நெருக்கடியைத் தடுப்பதே பேட்டரியின் வலிமை. அந்த வலிமை பயன் தர வேண்டுமெனில், காற்றாலையிலும் பேட்டரியிலும் உள்ள கட்டுப்பாட்டு அமைவுகள் முன்கூட்டியே சோதிக்கப்பட்டு, தொகுப்பை நிர்வகிப்போருக்கு முழுமையாகத் தெரிவிக்கப்பட்டிருத்தல் அவசியம்.