தோட்டத்து ஆபீசும் மின்னஞ்சலும்: கடிதம் எங்கே நின்றுபோகிறது?



சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டப் பகுதி. மாணவர் ஒருவர் வீட்டுக் கணினியின் மின்னஞ்சல் செயலி வழியே இடுபணியை அனுப்புகிறார். உங்கள் கடிதம் அவருக்கு வருகிறது. அவருடையது மட்டும் போகவில்லை. "அனுப்பவே இல்ல, சும்மா சொல்றான்" என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள்.

வாங்கும் வழி

பேராக் ரப்பர் தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி முகவரி ஏது? கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்துதான் கைக்குக் கிடைக்கும். 1984-இல் மின்னஞ்சலுக்கு வந்த 'பாப்' முறையும் அப்படித்தான். அதன் முழுப்பெயரே அஞ்சலக நெறிமுறை. வீட்டுக் கணினி எப்போதும் இணைப்பில் இருக்காது. ஆகவே கடிதம் சர்வரில் காத்திருக்கும். கடவுச்சொல் சொல்லிக் கேட்டால் தரும்.

அனுப்பும் வழி

இது தனி வழி. 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி முறை, "நீ யார்?" என்று கேட்கவே இல்லை. அன்றைய வலையமைப்பு சிறியது, பெரும்பாலோர் ஆய்வாளர்கள். நம் நாட்டிலும் 1987-இல் மிமோஸ் தொடங்கிய ரங்கோம் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும்தான் இணைத்தது. 1992-இல் ஜாரிங் வந்தது. பிறகு பொதுமக்களும் வந்தார்கள்.

கூட்டம் பெருகியதும் விளம்பரக் குப்பை அனுப்புவோர் அடுத்தவர் சர்வரைப் பயன்படுத்தத் தொடங்கினர். விளைவு? வெளியாள் கொண்டுவரும் கடிதத்தைச் சர்வர்கள் மறுத்தன. 1998-இல் அனுப்புவோருக்கென 587 என்ற தனிக் கதவு எண் (போர்ட்) வந்தது. 1999-இல் அனுப்பவும் கடவுச்சொல் கேட்கும் முறை வந்தது. பழைய 25-ஆம் கதவைப் பல இணையச் சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளுக்கு மூடிவிட்டன.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

1. இணையப் பக்கம் எதுவுமே திறக்கவில்லையா? கோளாறு இணைப்பில்.
2. வாங்கவும் முடியவில்லை, கடவுச்சொல் தவறு என்கிறதா? கணக்கைச் சரிபாருங்கள்.
3. வாங்க முடிகிறது, அனுப்பினால் பதிலே இல்லாமல் நேரம் கடக்கிறதா? 25 மூடியிருக்கலாம். சர்வரின் குறிப்பைப் பார்த்து 587 அல்லது 465-க்கு மாற்றுங்கள்.
4. 'ரிலே' மறுப்பு என்று செய்தி வருகிறதா? அனுப்பும் சர்வருக்கும் பெயர், கடவுச்சொல் கொடுங்கள்.
5. பள்ளியில் போகிறது, வீட்டில் போகவில்லையா? கணக்கை விட்டுவிட்டு வீட்டு இணைப்பைச் சந்தேகியுங்கள்.

மாணவர்களே, பிழைச் செய்தி வந்தால் உடனே திரைப்படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் சான்று. ஆசிரியர்களே, சான்றைப் பார்க்காமல் சுழியம் போடாதீர்கள். சான்று இல்லாமல் தீர்ப்பு கூடாது என்பதுதானே வரலாற்றுப் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுப்பது?

பயிற்சி வினா: எஸ்எம்டிபி முறையில் கடவுச்சொல் சேர்க்கப்பட்டதற்கான காரணத்தையும் விளைவையும் விளக்குக.