மிக்கி எலிக்கு ஒரு சங்கம்

சென்ற வாரம், இலங்கையில் சிற்றம்பலம் ஏ. கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கிய 1928ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். அதே ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க்கில் ‘ஸ்டீம்போட் வில்லி’ திரைக்கு வந்தது. சத்தத்தோடு ஆடிப்பாடிய மிக்கி மவுஸ் ஒரே படத்தில் பிரபலமாகிவிட்டது.

மறு ஆண்டு, கலிபோர்னியாவின் ஓஷன் பார்க்கில் இருந்த ஃபாக்ஸ் டோம் தியேட்டரின் மேனேஜர் ஹாரி வுடினுக்கு ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமைப் பகல் காட்சிக்குப் பிள்ளைகள் வரவேண்டும். வந்தவர்கள் அடுத்த சனியும் வரவேண்டும். அதற்கு ‘மிக்கி மவுஸ் கிளப்’ என்றொரு சங்கம் வைத்தார். வால்ட் டிஸ்னிக்கு அது பிடித்துப்போக, நாடெங்கும் கிளப்புகளை நடத்தும் பொறுப்பை வுடினிடமே கொடுத்துவிட்டார்.

கூட்டம் நடந்த விதம் வேடிக்கையானது. பிள்ளைகளிலேயே ஒருவன் தலைமை மிக்கி, ஒருத்தி தலைமை மின்னி. கொடி பிடிக்க ஒருவர், கோஷம் எழுப்ப ஒருவர். பொய் சொல்லமாட்டோம், புகைக்கமாட்டோம், பெரியவர்களை மதிப்போம் என்று எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்வார்கள். பிறகு கிளப் பாட்டு, போட்டிகள், கார்ட்டூன். சட்டையில் மிக்கி பட்ஜ்.

இந்த ஒழுக்கப் பாடத்துக்குப் பின்னால் நல்ல வியாபார மூளை ஒன்று வேலை செய்தது. உறுப்பினராவதற்கான படிவத்தை விளம்பரம் கொடுத்த கடைகளில் வைத்தார்கள். பிள்ளை படிவத்துக்குப் போனால் தாயும் கூடவே கடைக்குள் போவாள். பிறந்தநாள்காரப் பிள்ளைக்குக் கேக் கொடுத்த பேக்கரிக்குத் திரையில் விளம்பரம். நம் ஊர்களில் எம்.ஜி.ஆர். மன்றமோ சிவாஜி மன்றமோ வைத்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் கொடி கட்டினார்கள். அங்கே ரசிகர் மன்றத்தைத் தியேட்டர்காரரே அமைத்து, ரசிகர்களைப் பிறகு சேர்த்துக்கொண்டார். இதில் எனக்கு மன்றக்காரர்கள் மேல்தான் மரியாதை.

1932இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் பத்து இலட்சம் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். 1935 வாக்கில் டிஸ்னி கம்பனி இந்தக் கிளப்புகளைக் கைவிடத் தொடங்கியது. கட்டிமேய்க்க முடியாத அளவுக்கு அவை பெருகியிருந்தன. கார்ட்டூன் மாலுமி பொப்பாய் பெயரிலும் கிளப்புகள் வந்தன. இங்கிலாந்தில் ஓடியன் தியேட்டர்கள் மிக்கி கிளப்புகளை நடத்தின. 1955இல் டிஸ்னி அதே பெயரைத் தொலைக்காட்சிக்கு எடுத்துக்கொண்டார்.

சரி, இலங்கையில் சப்ரகமுவ மாகாணத்து நிவித்திகல தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் எங்கே இடம்? வுடின் கிளப் தொடங்கிய அந்த 1929இல்தான் இலங்கைத் தோட்டங்களில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தாழ்நாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, பிள்ளைக்கு 30. பிள்ளைக்கென்று தனிச் சம்பளம் சட்டத்திலேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பேர் போட்டுவிட்டு மலைக்குப் போன பிள்ளைக்குச் சனிக்கிழமையும் வேலைநாள்தான். ரப்பர் விலை விழுந்த பொருளாதார மந்தத்தில் தோட்டச் சம்பளத்தையும் குறைத்தார்கள்.

கார்ட்டூன் ரசிகர் கூட்டம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்துசேர்ந்தது ரொம்பப் பிந்தி. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. டைட்டஸ் தொட்டவத்த அங்கே வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களம் பேசக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்க முயல் பக்ஸ் பனி இங்கே ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆனது. சப்ரகமுவத் தோட்டங்களில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்த முயல் சிங்களத்தில்தான் அறிமுகம். கரண்ட் வராத லயங்களில் கார் பெட்டரியில் டிவி ஓடியது. ஒரு காம்பராவில் டிவி இருந்தால் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளெல்லாம் அங்கேதான். பெட்டரி இறங்கினால் படம் சுருங்கும். டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் போட்டு வரும்வரை முயலுக்கு லீவு.

(தொடரும்)