சுருளும் தட்டும்: தென்சென்னைப் புறநகரில் விளம்பர அச்சு

பம்மல், பல்லாவரம், தாம்பரம் பகுதிகளின் கடைப்பலகைகளையும் கட்-அவுட்டுகளையும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலும் ஓவியர்களே தூரிகையால் எழுதினர். 2000க்குப் பின் பரவிய டிஜிட்டல் அச்சு அவ்விடத்தைப் பெற்றது.

இவ்வச்சு இருவகைப்படும். ரோல்-டு-ரோல் எனப்படும் சுருள்பொறியில், பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் துணியாகிய ஃபிளெக்ஸ் சுருளிலிருந்து விரிந்து அச்சாகி மீண்டும் சுருளும். பிளாட்பெட் எனப்படும் தட்டுப்பொறியில் அக்ரிலிக், அலுமினியக் கூட்டுத்தகடு முதலியவை மேசைமீது கிடத்தி அச்சிடப்படும். மையைப் புறஊதாக் கதிர் உடனே இறுக்கும். தட்டின் அளவு மேசையைக் கடவாது. சுருளோ பல அடி நீளம் ஒரே துண்டாக அச்சாகும். ஆகவே நீடிக்கவேண்டிய பெயர்ப்பலகைக்குத் தட்டும், திருமணம், அரசியல் விழா ஆகியவற்றின் சிலநாள் பதாகைக்குச் சுருளும் பொருந்தின. மலிவு காரணமாகக் கடைப்பலகைகள் பலவும் ஃபிளெக்ஸுக்கே மாறின.

சுவரில் பொருத்தப்படும் தகடு போலன்றி, கம்பங்களில் கட்டிய ஃபிளெக்ஸ் பாய்போலக் காற்றை ஏற்கும். 2019 செப்டம்பர் 12 அன்று, பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில், பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைக்கப்பட்ட திருமணப் பதாகை சரிந்து விழுந்தது. இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயதுப் பெண் பொறியாளர் நிலைகுலைந்து, தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் அரசைக் கண்டித்தது. சுருளச்சின் மலிவு பதாகைகளைப் பெருக்கியது. அவற்றைத் தாங்கும் சட்டத்துக்கும் கட்டுக்கும் அதற்கீடான கவனம் கிட்டவில்லை.