மன்னார் முதல் காலி வரை: இலங்கைக் கடலோரத்தில் காண வேண்டிய இடங்கள்

திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலைக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது மன்னார் வளைகுடா. அதைக் கடந்தால் இலங்கையின் மேற்குக் கரை. இப்பக்கத்துப் பரதவர்களும் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் முத்துக்குளிக்கவும் வணிகம் செய்யவும் பல தலைமுறைகளாக அங்கே போய் வந்தவர்கள். இன்று சுற்றுலா செல்லும் நம் குடும்பங்கள் பல, கண்டி, நுவரெலியா என்று மலைப்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கவனிக்கும்படி திருமறை நம்மை ஏவுகிறது. அதற்கு இந்தக் கடலோரத்தைவிடப் பொருத்தமான இடம் நமக்கு அருகில் இல்லை. வடக்கிலிருந்து தெற்காகப் பார்ப்போம்.

மன்னார்

போர்த்துக்கீசியர் 1560இல் கட்டத் தொடங்கி, 1658இல் டச்சுக்காரர் கைக்குப் போன கோட்டை இங்கே உள்ளது. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் அடிச்சுற்றளவு ஏறத்தாழ 19 மீட்டர். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தீவின் மேற்கு முனையில் தலைமன்னார் இறங்குதுறை. 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்து நின்ற துறை இது.

மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி என்ற பழைய முஸ்லிம் ஊர் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது இவ்வூர் மக்களும் வீடுவாசலை விட்டுப் போக நேர்ந்தது. போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பியுள்ளனர். அங்கே போகிறவர்கள் படம் எடுப்பதற்கு முன் சலாம் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

அரிப்பு

மன்னாருக்குத் தெற்கே உள்ள இக்கரைதான் இலங்கை முத்துச் சலாபத்தின் மையம். சலாபக் காலத்தில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி மணல்வெளிகளில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழும்பும். ஆளுநர் பிரடெரிக் நார்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் இடிபாடு கடலோர மேட்டில் இன்றும் உள்ளது. கடல் அரிப்பால் அது ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. மூச்சடக்கி மூழ்கிய குளியாட்களுக்கு இங்கே நினைவுச்சின்னம் எதுவும் எழவில்லை. மிஞ்சியிருப்பது ஆளுநரின் சுவர்தான். நம் பக்கத்தில் தூத்துக்குடிச் சலாபமும் 1961உடன் நின்றுபோனது.

கற்பிட்டி

டச்சுக் கோட்டையும் ஓங்கில் கூட்டங்களும் இவ்வூரின் சிறப்பு. நவம்பர் முதல் மார்ச் வரை படகில் போய்ப் பார்க்கலாம். 1990இல் வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அடைக்கலம் கொடுத்தது புத்தளமும் கற்பிட்டியும்தான்.

கொழும்பு

கடலோரப் புல்வெளியான காலிமுகத்திடல், ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்தது. புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக எழும் சம்மாங்கோட்டுப் பள்ளி 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் எழுந்த பள்ளி அது.

தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்லை அவசியம் பாருங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹெ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு. 1911இல் காலியில் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகள் பொறிக்கப்பட்டுள்ளன. தன் மார்க்கத்தில் உறுதியாக இருந்துகொண்டே பிற சமயத்தாரோடு அன்று கடல் வணிகம் நடந்ததற்கு அது சான்று.

பேருவளையும் பெரலியவும்

கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் ரயில் பாதை பெரும்பகுதி கடலை ஒட்டியே ஓடுகிறது. பேருவளையில் பாறை முனையில் வெண்மையாக நிற்பது கெச்சிமலைப் பள்ளி. இலங்கையின் மிகப் பழைய பள்ளிகளில் ஒன்றாகக் கருதப்படும் மஸ்ஜிதுல் அப்ராரும் இதே ஊரில்தான்.

மேலும் தெற்கே பெரலிய. 2004 டிசம்பர் 26 அன்று இங்கே சுனாமி ஒரு ரயிலையே புரட்டிப்போட்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நினைவிடத்தில் சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

காலி

1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை நகரம். மதில்கள் பெரும்பாலும் டச்சுக்காரர் கட்டியவை. சுனாமியில் வெளி நகரம் சிதைந்தபோதும் கோட்டைக்குள் சேதம் குறைவு. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே உள்ள மீரான் ஜும்ஆப் பள்ளி 1904இல் எழுந்தது; வெளித்தோற்றம் தேவாலயம் போல இருக்கும். கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. வேடிக்கை பார்க்கும் தெரு அவர்களுக்கு வீட்டு வாசல் என்பதை மறக்க வேண்டாம்.

பயணக் குறிப்புகள்

மே முதல் செப்டம்பர் வரை இக்கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். 2011இல் தொடங்கிய தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுவிட்டது. ஆகவே விமானம், கப்பல், நுழைவு அனுமதி விவரங்களைப் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் தொழ எல்லாப் பள்ளிகளிலும் தனி இடம் இராது, முன்கூட்டியே கேட்டறியுங்கள். பயணத்தில் கஸ்ர் சலுகை உண்டு, தொழுகையைத் தவறவிட வேண்டியதில்லை. பவளம், சங்கு, ஆமை ஓட்டுப் பொருள்களை வாங்காதீர்கள். அவற்றால் இருபக்கக் கரையும் நலிகிறது.

நம் பயணங்களைப் படிப்பினை தருபவையாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக.