மதுரைத் தெருவைத் தோண்டிய கதை

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தேன். மண்டபத்தில் பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தார். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்போது மாசி வீதிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். "டீச்சர், தெருவெல்லாம் எப்படி மாறிப்போச்சு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் சொல்ல வேண்டியது அவ்வளவு மட்டும் இல்லை. ஊருக்கு வந்தும் அதே நினைப்பாக இருந்ததால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிது இல்லை.

1979-ல் ஆசிரியர் பயிற்சிக்காக மதுரையில் அத்தை வீட்டில் தங்கினேன். அச்சங்குளத்திலிருந்து சாத்தூர் வந்து பாசஞ்சர் ரயில் ஏறினால் மதுரை ஜங்ஷன். கையில் அத்தைக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே ஒரு சந்தில் வீடு. தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணை, அதற்கு மேல் ஒரு படி ஏறி வாசல். அந்த மூன்று படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அத்தை ஒருநாள், "நம்ம வீடு அகழிக்குள்ள இருக்குத் தெரியுமா?" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். பயிற்சிப் பள்ளி நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் அது சரித்திரம் என்று தெரிந்தது.

மதுரையின் தெரு அமைப்பை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையில் மட்டும் மாதப் பெயர் இல்லாத தெருக்கள் வரும். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. தமிழ் மாதங்களுக்கு நடுவே இவர்கள் எப்படி வந்தார்கள்?

பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் ஊரைச் சுற்றிப் பெரிய கோட்டை கட்டினார்கள். 72 கொத்தளங்கள் என்பார்கள். வெளியே ஆழமான அகழி. பாளையக்காரர் போர்களெல்லாம் முடிந்து கம்பெனி ஆட்சி நிலைத்த பிறகு கோட்டைக்கு வேலை இல்லை. அகழியில் தண்ணீர் தேங்கிக் கொசுவும் காய்ச்சலும்தான் மிச்சம். உள்ளே ஜனம் நெருக்கிக்கொண்டு கிடந்தது. வண்டி வாசல் வழியாகத்தான் போக வேண்டும், வாசலோ நாலைந்துதான். இன்றைக்கும் கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல் என்று பஸ் கண்டக்டர் கூவுகிறாரே, அவை அந்தக் கோட்டையின் வாசல்கள். கோட்டை போய்விட்டது, பெயர் மட்டும் டிக்கெட்டில் இருக்கிறது. பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கோட்டையின் ஒரு துண்டு நிற்கிறது. அடுத்த முறை போகும்போது நின்று பாருங்கள்.

ஜான் பிளாக்பர்ன் என்பவர் 1834 முதல் 1847 வரை மதுரைக்குக் கலெக்டர். கோட்டையை இடித்து ஊரை விரிக்க முடிவு செய்தார். அவ்வளவு பெரிய சுவரை இடிக்கக் கூலிக்குப் பணம்? அவர் கண்டுபிடித்த வழிதான் அத்தை சொன்ன கதை. சுவரை இடித்து, அந்த மண்ணைக் கொண்டே அகழியைத் தூர்த்துச் சமப்படுத்துகிறவருக்கே அந்த இடம். இடிக்கிற சுவர் இந்தப் பக்கம், நிரப்ப வேண்டிய பள்ளம் அந்தப் பக்கம். மண்ணைத் தூரத்துக்குச் சுமக்க வேண்டாம், சர்க்கார் கஜானாவும் பெரிதாகக் கரைய வேண்டாம். வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும், அளந்து கொடுத்த மாரட் துரையின் பெயரும் தெருக்களில் நின்றுவிட்டன. பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊரார் நிறுத்திய தூண்தான் விளக்குத்தூண். அங்கே துணி எடுக்கப் போகிற நம் பெண்களில் எத்தனை பேர் அந்தத் தூணை ஏறிட்டுப் பார்த்திருப்பார்கள்? நானே பயிற்சிக்குப் போய் ஆறு மாதம் கழித்துத்தான் பார்த்தேன்.

அத்தையின் மாமனார் வழித் தாத்தா ஒருவர் மண்ணைச் சுமந்து தூர்த்து வாங்கிய மனை அது என்று வீட்டில் சொல்வார்கள். பத்திரம் ஒன்றும் நான் பார்த்ததில்லை. ஆனால் தெருவை மாற்றுகிற வேலையில் பாடுபட்டவனுக்கே பலன் கிடைத்த ஒரு கணக்கு அதில் இருந்தது. அதனால்தான் இந்தப் பழைய கதையை இவ்வளவு நீட்டினேன்.

பிறகு 1866-ல் மதுரை நகராட்சி ஆனது. 1875-ல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது, அடுத்த வருடம் பாதை நம் சாத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்குப் போனது. ஸ்டேஷன் கோயிலுக்கு மேற்கே அமைந்ததால் ஊரே மேற்குப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. லாட்ஜும் ஓட்டலும் டவுன் ஹால் ரோட்டில் நெருக்குவது அதனால்தான். 1915 வாக்கில் பாட்ரிக் கெட்டீஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அன்றைய கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து, சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்த்துவிட்டு மதுரைக்கும் ஓர் அறிக்கை எழுதினார். அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும். நெருக்கமான தெருவைப் பார்த்ததும் கோடு கிழித்து நேராக அகல ரோடு வெட்டாதீர்கள், முதலில் நடந்து பாருங்கள், இடிந்து கிடக்கிற ஒன்றிரண்டு வீட்டை மட்டும் எடுத்து அங்கே காற்றும் நிழலும் விடுங்கள், செலவும் குறையும், ஜனமும் வீடு இழக்காது என்றார். 1920-ல் மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. நடந்து பார்க்கிற வழக்கம் வந்ததா என்று உங்களில் பொறியாளர்களாக இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் கண் முன்னால் நடந்தது. 2015 ஜூனில் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் மதுரை பட்டியலில் சேர்ந்தது. சித்திரை வீதிகளில் கல் பதிப்பு, மாசி வீதிகளைப் புதுப்பிப்பது, பெரியார் பஸ் நிலையத்தை இடித்துக் கட்டுவது, வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய காய்கறி மார்க்கெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் என்று வேலைகள். 2019-லிருந்து இரண்டு மூன்று வருடம் ஊர் முழுக்கப் பள்ளம்தான். நடுவில் கொரோனா வேறு.

பஸ் நிலையத்தை மூடியதும் டவுன் பஸ்களை எல்லிஸ் நகர்ப் பக்கமும் சுற்றியுள்ள தெருக்களிலும் நிறுத்தினார்கள். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று டீக்கடைக்காரருக்குத் தெரிந்த அளவு டிரைவருக்குத் தெரியாது. ஒரு தெருவை அடைத்தால் அதன் வண்டியெல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போகும். அதுவும் தோண்டியிருந்தால் சந்துக்குள் வரும். சந்தில் எதிரெதிராக இரண்டு ஆட்டோ வந்துவிட்டால் நடுவில் மாட்டிக்கொண்டவர் பாடு தெய்வத்துக்குத்தான் தெரியும். பாத்திரக் கடை மாணவர் சொன்னார், தீபாவளிச் சமயத்திலேயே கடை வாசலில் பலகை போட்டுத்தான் ஆள் ஏற வேண்டியிருந்ததாம். இரண்டு பையன்களை வேலையை விட்டு நிறுத்தியதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

ஏன் இவ்வளவு நாள் என்று எல்லோரும் கேட்கிறோம். எனக்கு ஒரு மேஸ்திரி பொறுமையாக விளக்கினார். தெருவுக்கு அடியில் இருப்பது ஒரு குழாய் இல்லை. பாதாளச் சாக்கடை சரிவாக ஓட வேண்டும் என்பதால் அது ஆழத்தில் போகிறது. குடிநீர்க் குழாய் அதற்கு மேலே, அதைவிட்டுத் தள்ளி. மழைநீருக்கு ஓரத்தில் வாறுகால். இன்னும் மேலே மின்சாரக் கேபிளும் போன் கேபிளும். ஆழத்தில் இருப்பதை முதலில் முடித்தால்தான் மேலே வர முடியும். முடித்த பிறகும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மூடக்கூடாது. கொஞ்சம் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையோ மிஷினோ வைத்து இடித்து, மறுபடி கொஞ்சம் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையில் ரோடு உட்கார்ந்துவிடும். "அவசரப்பட்டா ரெண்டாவது தடவ தோண்டணும்மா" என்றார். நியாயம்தான். ஆனால் நாலு குழாய்க்கு நாலு இலாகா, நாலு ஒப்பந்தக்காரர். ஒருவர் மூடியதை அடுத்தவர் திறப்பது எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

2020 கடைசியில் ஒரு ராத்திரி அத்தைக்கு மூச்சுத் திணறல். எண்பது வயது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம், ஆட்டோ உள்ளே வர வழியில்லை. மதினி போன் போட்டு அழுகிறாள், நான் அச்சங்குளத்தில் இருந்துகொண்டு என்ன செய்ய? தெருக்காரர்கள் நாலு பேர் அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, பள்ளத்தின் மேல் போட்ட பலகையைத் தாண்டித் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார்கள். ஆஸ்பத்திரி சேர்ந்தாள். ஒன்பது நாள் இருந்தாள், பிறகு இல்லை. முக்கால் மணி நேரம் முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பள்ளம் குடிநீருக்கா, கேபிளுக்கா, யார் வெட்டியது என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. அகழியைத் தூர்த்து வாங்கிய வீட்டிலிருந்து, மறுபடி தோண்டிய பள்ளத்தைத் தாண்டித் தூக்கிப் போனார்கள்.

அடுத்த இரண்டே மாதத்தில், 2021 பிப்ரவரி 12, நம் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் படித்தவர்களின் வீடுகளிலும் விளக்கு அணைந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் பறந்தன. அன்றிலிருந்து எந்த ரோட்டைப் பார்த்தாலும் இதில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிஷத்தில் போகும் என்றுதான் என் மனம் கணக்குப் போடுகிறது. போக்குவரத்துப் பாதிப்பு என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால், அந்த வரிக்குள் ஒரு நாற்காலி இருப்பதாகத் தோன்றும்.

சரி, இப்போது தெரு எப்படி இருக்கிறது? நியாயமாகச் சொல்ல வேண்டும். சித்திரை வீதியில் வண்டிச் சத்தம் இல்லாமல் கல் தரையில் நடப்பது சுகம். வயதானவர்கள் சுவரோரம் உட்கார்ந்து கோபுரம் பார்க்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. 2021 டிசம்பரில் பெரியார் பஸ் நிலையமும் திறந்தாயிற்று. 2020-லும் 2021-லும் கொரோனாவால் ஓடாத சித்திரைத் தேர், 2022-ல் மாசி வீதிகளில் மறுபடி ஓடியது. அந்த ஒரு நாள் மாசி வீதியில் ஒரு வண்டி கிடையாது, ஜனம் மட்டும்தான். தெருவைப் போட்டவர்கள் எதற்காகப் போட்டார்கள் என்பது அன்றைக்குத் தெரியும்.

மற்ற நாளில்? நடைபாதையில் பைக் நிற்கிறது. வாகன நிறுத்தம் கட்டியிருந்தும் கடை வாசலில்தான் வண்டியை விடுகிறோம். 2019 நவம்பரில் சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி வண்டிக்கு இடத்தைக் குறைத்தபோதும் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. தென் கொரியாவின் சியோல் நகரில் ஓடையை மூடி அதன் மேல் கட்டிய பறக்கும் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஓடையையே திரும்பக் கொண்டுவந்தார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடவில்லை. பஸ் வசதியையும் சேர்த்துச் செய்ததால் ஜனம் பழகிக்கொண்டது. ரோட்டை அகலமாக்க ஆக்க வண்டி பெருகும் என்பது அறுபது வருடத்துக்கு முன்பே அமெரிக்காவில் எழுதிவைத்த விஷயம். ஆக எனக்குத் தெருவை மாற்றுவதில் சண்டை இல்லை. மாற்றுகிற இரண்டு வருடத்தில் நாற்காலி போக ஒரு வழி, கடைப் பையன்களுக்கு ஏதாவது ஒரு ஈடு, எந்தத் தேதியில் எந்தத் தெரு மூடும் என்று தமிழில் ஒரு பலகை. இதைக் கேட்பது அதிகமா?

கல்யாணம் முடிந்து அத்தை வீட்டுக்குப் போனேன். மதினி காபி போட்டாள். வாசலில் உட்கார்ந்து பார்த்தால் திண்ணைக்குக் கீழே ஒரே ஒரு படிதான் இருக்கிறது. மற்ற இரண்டும் தெருவுக்குள் போய்விட்டன, ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால். மழை பெய்தால் தண்ணீர் திண்ணையைத் தொடுகிறதாம். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், உயரம் கூடக்கூடாது என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அத்தை வீட்டு இரண்டு படிக்குத்தான் நாற்பது வருடம் பிந்தி வந்தது.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் அப்பா காலத்தில் உங்கள் வீட்டுக்கு எத்தனை படி, இப்போது எத்தனை? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அச்சங்குளத்து வீடுகளை நானே ஒருநாள் சாயங்காலம் நடந்து எண்ணப் போகிறேன், முழங்கால் வலி விட்டால்.