பறக்காத பூச்சியின் பயணம்

களம்பூரிலும் ஆரணியிலும் தறியேறும் பட்டிழை ஓர் அந்துப்பூச்சியின் புழு கக்கியது என்பது நாம் அறிந்ததே. அந்தப் பூச்சி இவ்வளவு தூரம் வந்த கதைதான் வியப்பு. அதற்குச் சிறகு உண்டு, பறக்கத் தெரியாது. சீனர்கள் சுமார் 5,000 ஆண்டுகள் வீட்டில் வைத்து வளர்த்ததில் அந்தத் திறன் போய்விட்டது. மல்பெரி இலை பறித்துப் போட ஆளில்லாவிட்டால் புழுவும் பிழைக்காது. ஆகவே அது போன ஊருக்கெல்லாம் யாரோ ஒருவர்தான் தூக்கிப் போக வேண்டியிருந்தது.

கி.பி. 552 வாக்கில் துறவிகள் சிலர் கடுகைவிடச் சிறிய முட்டைகளைக் கான்ஸ்டாண்டிநோபிளில் பேரரசர் ஜஸ்டினியனிடம் சேர்த்தார்கள். கைத்தடிக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததாகவும் ஒரு பழங்குறிப்பு உண்டு. பழத்துக்காக வளர்த்த மல்பெரி அங்கே ஏற்கெனவே இருந்தது எத்தனை நல்வாய்ப்பு! பிறகு இத்தாலியும் பிரான்சும் இதே தொழிலைக் கற்றுக்கொண்டன.

நம் பக்கத்துக்கு வழி திறந்தவர் திப்பு சுல்தான். 1780களில் வங்காளத்திலிருந்து புழுக்களை வரவழைத்து, 21 இடங்களில் வளர்க்க ஏற்பாடு செய்தார். வெயில் தாங்கி, ஆண்டு முழுக்கப் பெருகும் மைசூர் இனம் இங்கே வேரூன்றியது. கூடு பச்சை கலந்த மஞ்சள். இழை மட்டும் நீளம் குறைவு.

அடுத்த நூற்றாண்டில் பெப்ரின் நோய் பிரான்சின் புழுக்களை அழித்தது. 1865இல் ஆய்வுக்கு அழைக்கப்பட்ட லூயி பாஸ்டர் எளிய வழி கண்டார்: முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார், நோய்க்கிருமி தெரிந்தால் முட்டைகளை எரித்துவிடு. இன்றும் முட்டை உற்பத்தி நிலையங்களில் நடப்பது இதுவே. நம் விவசாயி நோயில்லாத முட்டை வாங்க முடிவது அந்தப் பிரெஞ்சுக்காரரால்தான் என்பேன்.

ஜப்பானிய ஆய்வாளர் தொயாமா கமெத்தாரோ சயாம் நாட்டில் பணியாற்றியபோது, அந்நாட்டு மஞ்சள் கூட்டு இனத்தையும் ஜப்பானிய வெள்ளைக் கூட்டு இனத்தையும் கலந்து பார்த்தார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட மரபு விதிகள் பூச்சிக்கும் பொருந்தும் என்று 1906இல் எழுதினார். கலப்பினப் புழு பெற்றோரைவிட வலிமையானது என்பதும் இத்தகைய சோதனைகளில் புலப்பட்டது. மைசூர்த் தாயோடு வெள்ளைக் கூட்டுத் தந்தையைச் சேர்க்கும் வழக்கம் அந்த அறிவின் தொடர்ச்சி.

இன்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வி-1 ரக மல்பெரி இலை தின்று வளரும் புழு ஏறக்குறைய 25 நாளில் கூடு கட்டத் தொடங்குகிறது. வெண்பட்டானாலும் மஞ்சளானாலும், சோப்பு நீரில் கொதித்தால் இழைமேல் உள்ள பசையோடு நிறமும் பெரும்பாலும் கழன்றுவிடும். ஆரணிச் சேலைக்கான சாயம் அதன் பிறகுதான் ஏறுகிறது.